ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

முதல் ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி நிற்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் செண்பகவல்லி தன் குழுவின் காலைக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தபோது. உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலித்துச் சீக்கிரம் முடியும் என்பதற்காக எல்லாக் கம்பெனிகளிலும் நின்றபடியே நடக்கும் அந்தக் கூட்டம், அவள் குழுவில் மட்டும் கால் வலியையும் கூட்டிக்கொண்டு நீண்டது. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடை என்று ஆளுக்கு மூன்று வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் நேற்று முடிந்துவிட்டதாகச் சொன்னது இன்று கிட்டத்தட்ட முடிந்திருந்தது. தொண்ணூறு சதவீதம் என்று போன மாதம் சொன்னவர்கள் இந்த மாதமும் தொண்ணூறு சதவீதத்திலேயே குடியிருந்தார்கள். அந்த மீதிப் பத்து சதவீதத்தைத் தேடித்தான் இருபத்திரண்டு வருடம் போயிற்று என்று செண்பகவல்லிக்குத் தோன்றும். அவள் வீட்டிலும் அவளைப் பற்றி அதே கணக்குதான். அம்மா தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

ரிசப்ஷனிலிருந்து காவலாளி குமரேசன் கூப்பிட்டார்.

"மேடம், உங்க டீமைப் பாக்கணும்னு ஒரு பெரியவர் வந்து நிக்கிறார். பேர் என்னன்னா டெஸ்ட்ங்கிறார். அப்பா பேர் கேட்டா அதுவும் டெஸ்ட்ங்கிறார். வயசு நூத்தி இருபத்தஞ்சாம். உள்ள விடவா?"

"பான் கார்டு இருந்தா நம்பர் கேளுங்க குமரேசன்."

"கேட்டுட்டேன் மேடம். அஞ்சு ஏ, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, மறுபடி ஒரு ஏ."

இருதயராஜ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தூத்துக்குடிக்காரர், குழுவிலேயே மூத்தவர், ஐம்பத்து மூன்று வயது, முப்பது வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதே வேலை. "அது நான் போட்டதுல்லா, மேடம்" என்றார்.

அந்தக் குழு மும்பையிலிருக்கும் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தது. செயலி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, இல்லாத வாடிக்கையாளர்களை உண்டாக்கி அதில் போட வேண்டும். ஒன்றரை வருடமாகப் போட்டார்கள். பெயர் என்ற கட்டத்தில் டெஸ்ட் என்று அடித்தார்கள். பிறந்த தேதிக்கு யோசிக்க நேரமில்லாமல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி ஒன்று என்று அடித்தார்கள். கைபேசி எண்ணுக்கு ஒன்பது என்ற பொத்தானைப் பத்து முறை தட்டினார்கள். முகவரி, நம்பர் ஒன்று, டெஸ்ட் தெரு. மாநிலம், தொழில், கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று கேட்கிற இடங்களிலெல்லாம் விரிகிற பட்டியலில் எது முதலில் நிற்கிறதோ அதைத் தொட்டார்கள். ஆங்கில வரிசைப்படி முதலில் நிற்பது அந்தமான், அக்கவுன்டன்ட், டிவோர்ஸ். அதனால் செவ்வாயன்று ஒருவரும், புதனன்று நாற்பது பேரும், வியாழன் மதியத்துக்குள் முந்நூற்றுப் பதினெட்டுப் பேரும் லிஃப்டில் ஏறி நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது, அத்தனை பேரும் அந்தமான்காரர்களாக, அக்கவுன்டன்டுகளாக, விவாகரத்தானவர்களாக, ஒரே நாளில் பிறந்தவர்களாக இருந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமிருந்தால் அது அந்தக் கட்டடமாக இருக்காது. எங்கே உட்காரவைப்பது என்றுதான் கேட்டார்கள். ஹெச்.ஆரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: விருந்தினர்கள் பீன் பேக் மெத்தைகளில் தூங்கக் கூடாது, நூறு வயதுக்கு மேற்பட்டவர்கள் மாடிப்படியைத் தவிர்க்க வேண்டும். குமரேசன் ஒருவரைக் கூப்பிட அந்த ஒன்பதுகளை அழுத்தினால் முந்நூற்றுப் பதினெட்டுக் கைபேசிகளும் ஒன்றாக மணியடித்தன, முந்நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஹலோ என்றார்கள். பெயர்க் கட்டம் எத்தனை எழுத்தைத் தாங்கும் என்று பார்க்க உண்டாக்கப்பட்டவரின் பெயர் நாற்பது எழுத்து நீளமாக, வெறும் எக்ஸ்களாக இருந்தது. அவருக்கு விசிட்டர் பாஸ் இரண்டு தாள் பிடித்தது. இறப்புக் காப்பீடு சரியாகப் போகிறதா என்று பார்க்கப் பதினோரு முறை சாகடித்துப் பிழைக்கவைத்த மனிதர் ஒருவர், யார் கீபோர்டைத் தொட்டாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிப்ரவரி முப்பதாம் தேதி பிறந்த மூன்று பேர் மட்டும் உள்ளே வர முடியவில்லை, செயலி அவர்களை ஏற்றுக்கொள்ளாததால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். குமரேசன் அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று நாளில் எல்லாம் பழகிவிட்டது. பயிற்சி வகுப்புக்கு ஆள் சேராத மற்ற குழுக்கள் வந்து, "மேடம், ஒரு இருபது பேரைக் கடனாத் தர்றீங்களா, கையெழுத்துப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தாப் போதும்" என்று கேட்டு அழைத்துப்போனார்கள். கேன்டீனில் ரசம் நீர்த்துப்போயிற்று. வந்தவர்கள் தங்களைப் போட்டவர் யாரென்று தெரிந்தே வந்திருந்தார்கள், அவரவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். இருதயராஜைச் சுற்றி இருநூறு பேர். அவர் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெண்ணின் தகப்பனைப் போல எல்லாரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார்.

செண்பகவல்லியிடம் வந்தது ஒரே ஒருத்தி.

சாம்பல் நிறப் புடவை, சாம்பல் நிற ரவிக்கை. அவள் நிறத்தைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை என்பது போல இருந்தாள். போன ஆடி மாதம் இருதயராஜ் லீவில் போயிருந்தபோது, பெயரே போடாமல் விட்டால் செயலி மறுக்கிறதா என்று பார்க்கச் செண்பகவல்லியே ஒரு கையால் சப்பாத்தியைச் சுருட்டித் தின்றபடி மறு கையால் உண்டாக்கியவள். செயலி மறுக்கவில்லை. அது ஒரு பிழை. பிழையைக் குறித்துக்கொண்டு செண்பகவல்லி அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டாள், இவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமாங்க?" என்றாள் வந்தவள், மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து.

"சீக்கிரம் கேளுங்க. எனக்கு ரெண்டு நிமிஷத்துல ஒரு போன் கால் இருக்கு."

"என்னை விவாகரத்து ஆனவள்னு போட்டிருக்கீங்க. சரி. அவர் யாருங்க?"

"யாரு?"

"என்னை விட்டுப் போனவர். இல்ல, நான் விட்டுட்டு வந்தேனா? அவர் நல்லவரா இருந்தாரா? அதைத் தெரிஞ்சுக்கிட்டா, வருத்தப்படணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்குவேன்."

செண்பகவல்லி மணியைப் பார்த்தாள். "அம்மா, அது பட்டியல்ல முதல்ல இருந்துச்சு. அதனால தொட்டேன். வேற ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ பேர் ஏன் போடல?"

"அது வேணும்னே போடல" என்றாள் செண்பகவல்லி, சொல்லும்போதே அது ஆறுதல் இல்லை என்று தெரிந்து. போன் அடித்தது. எடுத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை மாலைதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. தரவுகளைப் பார்த்துக்கொள்கிற பூரணி, ஒரே ஆளை இரண்டு முறை போட்டிருந்த ஆறு வரிகளைக் கண்டு, தினமும் செய்கிற வேலைதானே என்று அழித்தாள். ஜன்னலோரம் பேசிக்கொண்டிருந்த ஆறு பேர் பாதி வாக்கியத்தில் இல்லாமல் போனார்கள். அவர்கள் வைத்த டீக் கோப்பைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பூரணி கழிவறைக்குப் போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

செயலியை வெளியிடும் நாளோ மறுநாள், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. மூன்றாவது முறை பிசகினால் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக மும்பைக்கார கர்மார்கர் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார். அப்படிப் போனால் பன்னிரண்டு பேரும் வேலையில்லாமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்கள், இரண்டு மாதம் கழித்து ஒவ்வொருவருக்காகக் கடிதம் வரும், முதல் கடிதம் ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு வரும். வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய பட்டியலில் நாற்பத்தேழாவது வரி இப்படி இருந்தது: சோதனைக்காகப் போட்ட ஆட்கள் அனைவரையும் அழித்தாயிற்றா? கையெழுத்து, ப்ராஜெக்ட் மேனேஜர்.

வெள்ளி காலை எட்டு மணிக்கே செண்பகவல்லியின் மேலதிகாரி வரதன் வந்து நின்றார்.

"செண்பா, நாப்பத்தேழு?"

"சார், அவங்க உட்கார்ந்திருக்காங்க."

"உட்கார்ந்திருக்கட்டும். நின்னா மட்டும் என்ன? டேட்டாதானே."

"நேத்து ஆறு பேர் போனதை நீங்க பார்க்கல."

"நான் பார்க்க வேண்டாம்னுதானே உங்களை மேனேஜரா வெச்சிருக்கேன்" என்றார் வரதன், அதில் கோபம்கூட இல்லாமல்.

வழி ஒன்றைக் காட்டியவர் இருதயராஜ். அவர் ஏழு மணிக்கே வந்து, வெட்கம் தாங்காமல், முதலில் வந்த பெரியவரின் வரியைத் திறந்து திருத்திக்கொண்டிருந்தார். டெஸ்ட் என்பதை அடித்துவிட்டு அருளப்பன் என்று போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, மார்ச் ஒன்பது. ஊர் வள்ளியூர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு. மனைவி உண்டு. நாற்பத்து மூன்று கட்டங்களையும் மெய்யாகவே ஓர் ஆளுக்கு நிரப்புகிற மாதிரி நிரப்பிச் சேமித்தபோது, பெரியவரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, ஐம்பது அறுபது வருடம் முகத்திலிருந்து இறங்கியது. "மத்தியானத்துக்குள்ள தாம்பரம் போயிட்டா வண்டி கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து, விசிட்டர் பாஸைக் குமரேசனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்தே போய்விட்டார். பூரணி பட்டியலைப் பார்த்தாள். அழிந்ததாக இல்லை. இருப்பதாகவும் இல்லை. ஊருக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

"மேடம்" என்றார் இருதயராஜ், "எல்லாருக்கும் இப்படியே நிரப்பிருவமா?"

செண்பகவல்லிக்கு அழுகை வந்திருக்க வேண்டும்; கணக்குத்தான் வந்தது. முந்நூற்றுப் பதினோரு பேர் மிச்சம். தன்னுடையவள் ஒருத்தியைத் தான் பார்த்துக்கொள்ளலாம். மற்ற முந்நூற்றுப் பத்தைப் பதினோரு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இருபத்தெட்டு, மீதி இரண்டு. "மீதி ரெண்டும் உங்களுக்கு அண்ணே" என்றாள். மனிதர்களை நம்பி அவள் எதையும் விட்டதில்லை, அதிலும் தொண்ணூறு சதவீதக்காரர்களை; அதனால் வரதனிடம் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள், மாலை ஆறு மணிக்கு எது மிச்சமிருக்கிறதோ அது தானாக அழியும்படி பூரணியை வைத்து நேரம் குறித்தாள். ஆறு மணிக்குள் மிச்சம் இருக்காது. இருக்க விடமாட்டாள்.

அன்று நாலாவது மாடியில் நடந்தது போல அந்தக் கட்டடத்தில் எந்த வேலையும் நடந்ததில்லை. யாரும் டீ குடிக்கப் போகவில்லை. யாரும் தொண்ணூறு சதவீதம் என்று சொல்லவில்லை. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று நாற்பது எழுத்துச் சுமந்தவர் மணி என்ற இரண்டெழுத்துப் பெயர்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு கை வீசி நடந்துபோனார். பதினோரு முறை செத்தவருக்குப் பூரணி பரம்பரையில் எல்லாரும் தொண்ணூறு தாண்டியவர்கள் என்று போட்டாள், போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிப்ரவரி முப்பதில் பிறந்த மூவரையும் இருதயராஜ் சாப்பாட்டு வேளையில் மார்ச் ஒன்றுக்கு மாற்றி, உள்ளே அழைத்துவந்து ஒரு வாய் தயிர்சாதம் சாப்பிடவைத்து வெளியே அனுப்பினார். மூன்று மணிக்கு நூறு பேர் மிச்சம், நாலு மணிக்கு ஐம்பது. செண்பகவல்லி மேசைக்கு மேசை ஓடினாள்: "மூணு பேருக்குத் தொடர்ந்து ரமேஷ்னு போட்டிருக்க, கொஞ்சம் யோசிச்சுப் போடேன்பா." "திருவாரூர் டவுனுக்குள்ள கடல் எங்கம்மா இருக்கு? மீனவர்னு போட்டிருக்கியே?" "எல்லாருக்கும் சர்க்கரை வியாதி போடாதீங்க அண்ணே, பாவம்." கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. அவள் எதிர் நாற்காலியில் சாம்பல் புடவைக்காரி கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், செண்பகவல்லி மேசைக்கு வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள், செண்பகவல்லி போனபின் குனிந்துகொண்டாள்.

ஐந்தரை மணிக்கு மாடி காலியாகிவிட்டது. சிக்னலில் அவர்கள் தாம்பரத்துக்கும் கோயம்பேட்டுக்குமாகப் பேருந்து ஏறிக்கொண்டிருப்பது ஜன்னலிலிருந்து தெரிந்தது. செண்பகவல்லி வந்து உட்கார்ந்து கடைசி வரியைத் திறந்தாள். பிறந்த நாள், ஊர், படிப்பு, கைபேசி எண் எல்லாம் மளமளவென்று போட்டாள். கல்யாண விவரத்தை மாற்றப்போனபோது வந்தவள் தடுத்தாள்.

"அது இருக்கட்டுங்க. அதையே நினைச்சு நினைச்சு ஒரு மாதிரி எனக்குன்னு ஆயிடுச்சு. அவரைப் பத்தி நானே ஒரு கதை வெச்சிருக்கேன்."

"சரி. பேர்?"

அப்போது கர்மார்கர் அழைத்தார். செண்பகவல்லி ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று காட்டினாள். எதிரே இருந்தவள் தலையாட்டினாள். கர்மார்கர் தம் சேர்மனை இணைப்பில் சேர்த்தார், சேர்மன் இன்னும் நாலு பேரைச் சேர்த்தார், எல்லாரும் எல்லாருக்கும் மாலை வணக்கம் சொன்னார்கள், எல்லாம் தயாரா என்றார்கள், தயார் என்றாள், திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் தயார் என்றாள். அந்த விரல் உயர்ந்தபடியே இருந்தது. ஜன்னல் பக்கம் நடந்துபோய், சிக்னல் விளக்குகள் நிறம் மாறுவதைப் பார்த்தபடி, ஆமாம் சார், நிச்சயமாக சார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் கைதட்டல் கேட்டது. ஆறு மணி. செயலி வெளியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது. இருக்கையின் பஞ்சு மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

வரதன் கேக்கோடு வந்தார். செண்பகவல்லி அவரைக் கடந்து பூரணியின் மேசைக்குப் போனாள்.

"பூரணி, ஆறு மணிக்கு முந்தி நகல் எடுத்தியா?"

"அஞ்சு அம்பத்தஞ்சுக்கு எடுத்தேன் மேடம். அதுல ஒரே ஒருத்தங்கதான் இருக்காங்க." பூரணியின் குரல் இறங்கியது. "திருப்பிக் கொண்டுவரணும்னா எல்லாத்தையும் நிறுத்தணும். இருபது நிமிஷம். இன்னும் நிஜ வாடிக்கையாளர் யாரும் உள்ள வரல. ஒருத்தர் வந்துட்டாக்கூட அப்புறம் முடியாது. அந்த நிஜ வாடிக்கையாளர் அழிஞ்சிருவார்."

"பைத்தியமா செண்பா?" என்றார் வரதன், கத்தியைக் கேக்கில் வைத்தபடி. "வெளியிட்ட அஞ்சாவது நிமிஷம் நிறுத்துறதா? சேர்மன் லைன்ல இருக்கார். இந்த டீம் நாளைக்கு இருக்காது. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. முந்நூறு பேரைப் பதினோரு பேர் ஊருக்கு அனுப்பிவைத்த நாளில், எல்லார் வேலையையும் எழுத்து எழுத்தாகத் திருத்திவிட்டுத் தன் பங்குக்கு இருந்த ஒரே ஒருத்தியைத் தான் தொண்ணூறு சதவீதத்தில் விட்டுவிட்டது புரிந்தது. அவள் இருதயராஜைப் பார்த்தாள். முதல் கடிதம் யாருக்கு வரும் என்று இருவருக்கும் தெரியும்.

"என்னைப் பாக்காதீங்க மேடம்" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "நான் போட்ட இருநூறு பேரும் இன்னைக்கு வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு இது போதும். நீங்க நிறுத்துங்க."

செண்பகவல்லி கைபேசியைக் காதில் வைத்தாள். "மிஸ்டர் கர்மார்கர், செயலியை நிறுத்துகிறேன். இருபது நிமிடம். என் பங்கு வேலை முடியவில்லை." மறுமுனையில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்காமல், "பூரணி, நிறுத்தும்மா" என்றாள்.

பன்னிரண்டு திரைகளும் இருண்டு வெளுத்தன. கேக்கின் மேலிருந்த மெழுகுவத்தி உருகிக் க்ரீமில் சாய்ந்தது. பிறகு நாற்காலியின் பஞ்சு மெல்ல அமுங்கியது; சாம்பல் புடவைக்காரி, மடியில் கோத்த கையோடு, ஒன்றும் நடக்காதது போல அவளைப் பார்த்தாள்.

"பேசி முடிச்சாச்சுங்களா?"

"முடிச்சாச்சு."

செண்பகவல்லி எதிரே உட்கார்ந்தாள். கீபோர்டில் விரல்களை வைத்தாள். எத்தனையோ பெயர்கள் வரிசையாக வந்து நின்றன, அவற்றில் முதலில் நின்றதைத் தொட விரல் தானாகவே போயிற்று. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பேர் பிடிக்கும்?"

வந்தவளின் முகத்தில் வியப்பு பரவ நேரமாயிற்று; அப்படி ஒரு கட்டம் இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், இருதயராஜையும் பூரணியையும் தலையில் கைவைத்து நின்ற வரதனையும் பார்த்தாள். பதினாறு நிமிடம் இருந்தது. மேசையில் கிடந்த கைபேசிக்குள்ளிருந்து மும்பை மெலிதாகக் கத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றாள். "இல்ல, அவசரமா?"

செண்பகவல்லி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அவசரமே இல்ல" என்றாள்.